டே துரை பார்த்த மனை

வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு பொதுவான ஆசை உண்டு. சென்னைக்குப் பக்கத்தில், அதிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்கே நீண்டுகொண்டு போகிற ஊர்களில், அரை கிரவுண்டாவது தங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசை. மனையைப் பார்க்க ஒருவர், பேரம் பேச ஒருவர், பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட ஒருவர். பணம் மாத்திரம் அவர்களுடையது. கண்ணால் பாராத நிலத்துக்குக் கடல் தாண்டி விலை கொடுக்கிற இந்தக் காரியம் ஆகாய விமானத்தோடும் டெலிபோனோடும் வந்த புது நாகரிகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. சென்னைப் பட்டணமே இப்படித்தான் கைமாறிற்று. வாங்கியவர்கள் லண்டனில் இருந்தார்கள். கொடுத்தவர் வந்தவாசியில் இருந்தார். கொடுத்தவருக்காக முன்னின்று பேசியவர் பூந்தமல்லியில் இருந்தார். நடுவில் ஒரு தரகர். அவருக்கும் இவருக்கும் நடுவில் ஒரு துபாஷி. மணல்மேட்டில் நின்று இடத்தை நேரில் பார்த்தவர் அந்தத் தரகர் துரை ஒருவர்தான். அவர் பெயர் பிரான்ஸிஸ் டே.

கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எலிஸபெத் ராணி சாஸனம் கொடுத்தது 1600-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி. 1611-ல் அவர்கள் மசூலிப்பட்டணத்தில் ஒரு கிட்டங்கி வைத்தார்கள். அங்கே கோல்கொண்டா சுல்தானின் அதிகாரிகள் கொடுத்த தொந்தரவு பொறுக்காமல், 1626-ல் தெற்கே வந்து, பழைய நெல்லூர் ஜில்லாவில் துர்க்கராஜபட்டணம் என்ற கடற்கரைக் கிராமத்தில் இன்னொன்று வைத்தார்கள். அதற்கு ஆர்மகான் என்று தங்கள் வாய்க்கு வந்தபடி ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். அங்கே துணி சரியாகக் கிடைக்கவில்லை. உள்ளூர் நாயக்கரோடும் ஒத்துப்போகவில்லை. வாடகை வீட்டில் சொந்தக்காரரோடு தினம் சண்டை போடுகிற குடித்தனக்காரரின் நிலைமை அவர்களுடையது. இதற்குள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். சாந்தோமில் போர்ச்சுகீசியர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வேரூன்றி இருந்தார்கள். இங்கிலீஷ்காரர்களுக்குத்தான் சொந்தமாக ஒரு முழம் மண் இல்லை.

ஆர்மகான் கிட்டங்கிக்குத் தலைவராக இருந்தவர் டே. மசூலிப்பட்டணத்தில் அவருக்கு மேலதிகாரி ஆண்ட்ரூ கோகன். கோகனுக்கு மேலே சூரத்தில் ஒரு பிரஸிடெண்டும் கவுன்சிலும். அவர்களுக்கும் மேலே லண்டனில் டைரக்டர்கள். ஒரு கடிதம் லண்டன் போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வர அவ்வளவு. நடுவில் காற்றுப் பருவம் தப்பினால் இன்னும் ஒரு வருஷம். ஆகவே, கேட்டுச் செய்வது என்பது ஏட்டில் உண்டே தவிர நடப்பில் கிடையாது. நேரில் இருக்கிறவன் பார்த்து முடிப்பான். தூரத்தில் இருப்பவர்கள் பின்னால் கோபித்துக்கொள்வார்கள்.

இனி, கொடுத்தவர்களைப் பார்ப்போம். விஜயநகரத்து ராயர்களின் கடைசி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த காலம் அது. பெத்த வேங்கட ராயர் பெயரளவில் சக்கரவர்த்தி. அவருக்குக் கீழே இந்தப் பக்கத்துக்கு அதிகாரி தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவர் இருந்தது வந்தவாசியில். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைச் சீமையைக் கவனித்து வந்தார். தகப்பனார் பெயர் சென்னப்ப நாயக்கர். அந்தப் பெயர்தான் இன்று நம் வாயில் சென்னை என்று வழங்குகிறது என்பது பொதுவான கொள்கை.

இன்றைக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் ஞாபகம் வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் 1639-ல் சென்னைப் பட்டணம் என்று ஒன்று கிடையாது, பூந்தமல்லிதான் ராஜதானி. கோட்டை இன்று நிற்கும் இடம், அங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், உப்புக்காற்று வீசும் ஒரு மணல் திட்டு. அதாவது அந்நாளில் சென்னைதான் பூந்தமல்லியின் புறநகர்!

ஐயப்ப நாயக்கர் ஏன் இங்கிலீஷ்காரர்களை வலியக் கூப்பிட்டார்? தாமர்ல அங்கபூபாலர் என்று அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் 'உஷாபரிணயம்' என்று தெலுங்கில் ஒரு காவியம் பாடியிருக்கிறார். பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் மயிலாப்பூர்ப் போர்ச்சுகீசியர்களும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், அந்தச் சண்டையை நிறுத்துவதற்காகவே இரண்டுக்கும் நடுவில் ஐயப்ப நாயக்கர் ஒரு பட்டணத்தை உண்டாக்கினார் என்றும் அதில் சொல்கிறார். குடும்பத்துப் பிள்ளை சொல்கிற காரணம் உயர்வாகத்தான் இருக்கும். துறைமுகத்துச் சுங்கத்தில் பாதி தங்களுக்கு வரும் என்ற கணக்கும், வெள்ளைக்காரர்கள் மூலம் நல்ல குதிரைகள் கிடைக்கும் என்ற கணக்கும் நாயக்கர்களுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? காலி மனையில் மூன்றாவது ஒருவரைக் குடி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடங்குவார்கள் என்பதும், வாடகை வரும் என்பதும் ஒன்றுக்கொன்று விரோதமான காரணங்கள் அல்லவே.

டே துரை 1639 ஜூலை மாதக் கடைசியில் மதராஸபட்டணம் என்ற அந்தக் குப்பத்துக்கு வந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் பேரி திம்மண்ணா என்ற துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் துபாஷி. வர்த்தகத்தில் அது போதாது. இரண்டு மனசும் தெரிந்தவராக இருக்க வேண்டும். டே கண்டுபிடித்த முக்கியமான விஷயம், இந்தப் பக்கத்தில் துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது வீதம் மலிவு என்பது. நெசவாளர்கள் உண்டு, சாயக்காரர்கள் உண்டு, நாயக்கர் ஆதரவு உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. துறைமுகம்!

இது சாமான்யமான குறை அல்ல. கப்பலை நிறுத்துவதற்கு ஒரு வளைவு கிடையாது. அலை நேரே வந்து மோதும். கப்பல் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சாமானையும் ஆளையும் ஏற்றி, நனைந்து, சில சமயம் கவிழ்ந்து, கரை சேர வேண்டும். 1881-ல் ஒரு புயல் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தை உடைத்துப் போட்டு, மறுபடியும் கட்டி முடிக்க 1896 ஆயிற்று. அதுவரை இரண்டரை நூற்றாண்டு இந்த அவஸ்தைதான்.

எல்லாம் தெரிந்த டே ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்? 1727-ல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் காப்டன் ஒரு பிரயாணப் புத்தகம் வெளியிட்டார். இவ்வளவு வசதியற்ற இடத்தைக் கோட்டைக்குத் தேர்ந்தெடுத்த மனிதருக்குச் சாந்தோமில் ஒரு காதலி இருந்தாளாம். அவளை அடிக்கடி போய்ப் பார்ப்பதற்குத் தோதாகவே பக்கத்தில் கோட்டை போட்டாராம். ஹாமில்டன் ஆளின் பெயரைச் சொல்லவில்லை; காலத்தையும் இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் பழி டேயின் தலையில் விழுந்து நிலைத்துவிட்டது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த வதந்தி பிடித்தமானதுதான். ஆனால் சாட்சியம் என்று எடுத்தால் ஒரு துரும்பும் தேறாது. துணி நூற்றுக்கு இருபது மலிவாகக் கிடைக்கிற இடத்தை விரும்புவதற்கு ஒரு வியாபாரிக்குக் காதலி எதற்கு?

எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது பத்திரத்தின் வாசகம். வேங்கடாத்ரி நாயக்கர் கொடுத்த அந்தக் கௌலில் கும்பெனியார் இரண்டு வருஷம் மதராஸபட்டணத்தை நிர்வாகம் செய்துகொள்ளலாம். பிறகு சுங்க வருமானத்தில் பாதி நாயக்கருக்கு, பாதி அவர்களுக்கு. அவர்களுடைய சொந்தச் சரக்குக்குச் சுங்கம் இல்லை. நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. விலை என்று ஒரு காசு கைமாறவில்லை. நம் பத்திர எழுத்தர்கள் இதைக் கிரயம் என்று எழுத மாட்டார்கள். குத்தகைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்பார்கள். ஆனால் அதில் இன்னொரு ஷரத்து இருந்தது. கோட்டையை நாயக்கரே கட்டிக் கொடுப்பார். கட்டி முடித்துக் கும்பெனியார் கையில் ஒப்படைக்கிற வரையில் அவர்கள் செலவு செய்ய வேண்டியதில்லை!

கட்டிய வீடு, முன்பணம் இல்லை, சாவி கையில் வந்த பிறகு பணம். இப்படி ஒரு விளம்பரம் பத்திரிகையில் வந்தால் நீங்களும் நானும் கொஞ்சம் யோசிப்போம். மசூலிப்பட்டணத்தாருக்கு யோசிக்க அவகாசம் இல்லை. சூரத்தின் அனுமதி என்ற நூலைப் பிடித்துக்கொண்டு, ஆர்மகானை மூட்டை கட்டி, 1640 பிப்ரவரி 20-ந் தேதி கோகனும் டேயும் ஏறத்தாழ இருபத்தைந்து சிப்பாய்களோடும், தச்சர் கொல்லர்களோடும், வெடிமருந்து செய்யத் தெரிந்த நாகபட்டன் என்பவரோடும் வந்து இறங்கினார்கள். நாயக்கர் நல்ல முகத்தோடு வரவேற்றார். சொன்ன எல்லாவற்றிலும் வாக்குத் தவறாமல் நடந்தார். கோட்டைச் செலவு என்றதும்தான், அப்படித் தாம் டேக்கு வாக்குக் கொடுக்கவே இல்லை என்றார்.

யார் பொய் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை என்னால் லேசில் விட முடியவில்லை. பத்திரத்தின் இங்கிலீஷ் நகலில் ஷரத்து ஸ்பஷ்டமாக இருக்கிறது. அந்த நகலுக்கு மூலம் வேறு பாஷை. நாயக்கர் தம் பாஷையில் ஒன்று சொல்ல, அது துபாஷியின் வாய் வழியாக வந்து, டேயின் ஆசை வழியாகக் காகிதத்தில் இறங்கியது. 'ஒத்தாசை செய்கிறோம்' என்று கிளம்பிய வார்த்தை 'கட்டித் தருகிறோம்' என்று போய்ச் சேருவதற்கு இவ்வளவு தூரம் போதும். இதில் யாரும் பொய் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. பேரம் முடிய வேண்டும் என்று மூன்று பேருக்கும் விருப்பம் இருந்தால் காது தானாகவே இளகிவிடும்.

டே செய்த இன்னொரு காரியம் உண்டு. கோட்டை முடிகிற வரையில் ஆகிற செலவுக்கு வட்டியைத் தாமே தருவதாக அவர் முன்வந்திருந்தார். இது தரகருக்கு அடாத வாக்குறுதி. ஒரு தரகர் தம் கைப்பணத்தைப் பணயம் வைத்து மனையைச் சிபாரிசு செய்தால், அவருக்கு அதில் ஒன்று அபார நம்பிக்கை இருக்க வேண்டும், அல்லது வேறு ஏதாவது இருக்க வேண்டும். சொந்த வியாபாரம் செய்யாத கும்பெனி உத்தியோகஸ்தர் அந்தக் காலத்தில் அபூர்வம் என்பதையும் மறக்கக் கூடாது. காரியம் மிஞ்சிய பிறகு வட்டிப் பேச்சிலிருந்து டே நழுவிவிட்டார். செலவு முழுவதும் கும்பெனி தலையில் விழுந்தது என்று சக உத்தியோகஸ்தர்களே லண்டனுக்கு எழுதினார்கள்.

இன்று இந்தப் பக்கத்தில் நடக்கிற வீடு மனை வியாபாரத்தைப் பார்க்கும்போது, நானூறு வருஷத்தில் பத்திரத்தின் காகிதம்தான் மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட சமயத்தில், இங்கே பெரும்பாலும் ஏரியும் ஏரிப்பாசன வயலும்தான். 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள்; 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும், வயல்கள் மனைகளாயின. சில இடங்களில் ஏரிகளே மனைகளாயின. வீட்டு வசதி வாரியம் முகப்பேரில் போட்ட குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். அந்தப் பெயரில் இருக்கிற உண்மை பல தனியார் நகர்களின் பெயரில் கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் மட்டும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விலைக்கு வாங்கக் கூடாது. தாம் வர முடியாவிட்டால் அந்த ஊர் நோட்டரி முன்போ நம் தூதரகத்திலோ கையெழுத்துப் போட்டு ஒருவருக்கு அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்', அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பொது அதிகாரம் என்றால் டே துரைக்குக் கிடைத்த மாதிரி எதையும் செய்யலாம். தனி அதிகாரம் என்றால் குறிப்பிட்ட சொத்து, குறிப்பிட்ட காரியம். பவரையே கிரயமாகப் பாவித்து, பத்திரம் பதியாமல் சொத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்த ஒரு பெரிய வழக்கம் தேசமெங்கும் இருந்தது. அது செல்லாது, பவர் சொத்துரிமையைத் தராது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2016-ம் வருஷத்துச் சட்டப்படி வீடு மனைத் தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சட்டம் இத்தனை சொல்லியும் தரகர் யாருடைய ஆள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வாங்குகிறவரிடமும் தரகு, விற்கிறவரிடமும் தரகு என்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவிலும் வெகு காலம் இந்தக் குழப்பம் இருந்தது. தம்மைக் காரில் வைத்து வீடு வீடாகக் காட்டுகிறவர் தம்முடைய மனிதர் என்று வாங்குகிறவர் நம்பிக்கொண்டிருப்பார். சட்டப்படி அவர் விற்கிறவரின் ஆள். வாங்குகிறவருக்கென்றே தனித் தரகர் என்ற ஏற்பாடு அங்கே 1990-களில்தான் பரவலாயிற்று. 2024 ஆகஸ்டிலிருந்து, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தரகு இவ்வளவு என்று வாங்குகிறவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று தரகர் சங்கத்து விதியும் வந்துவிட்டது.

2011-ல் எனக்கே இந்த உத்தியோகம் வாய்த்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் தங்கை கணவர் ஒரு மனை வாங்கிப் போடச் சொல்லித் தனி அதிகாரப் பத்திரம் அனுப்புவதாக இருந்தார். பதினாலு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் இடையில் ஒரு மனையை ஒரு தரகர் காட்டினார். சித்திரை வெயில். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது சார், ரோட்டை விட இது உசரம்" என்றார். பட்டா இருந்தது; முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. காகிதத்தைப் பார்த்தால் குறை சொல்ல முடியாத மனை.

தரகர் போனில் பேசிக்கொண்டு ஒதுங்கிய சமயம், எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாளிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அவர் தாமாகவே, "ஐப்பசியில ஒரு தடவை வந்து பாரு தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவிக்கொண்டே, "மனைக்காரர் வேற யாருமில்ல, இவரோட சம்சாரத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன்தான்" என்றும் சொன்னார்.

நான் ஐப்பசி வரையில் காத்திருந்தேன். நவம்பரில் போனபோது தரகரின் மோட்டார் சைக்கிள் ரோட்டோடு நின்றுவிட்டது. மனை இருந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர். எல்லைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அன்று ராத்திரியே சிங்கப்பூருக்குப் பேசினேன்.

"மழைக்காலத்தில எந்த ஊர்லதான் மச்சான் தண்ணி நிக்கல? இங்கயும்தான் நிக்குது" என்றார்.

"நிக்கிற தண்ணி வேற மாப்பிள்ளை, இருக்கிற தண்ணி வேற. அது அதோட இடம்."

"நீங்க எழுதுறவங்க. உங்களுக்கு எல்லாம் கதையாத் தெரியுது" என்றார் அவர்.

மனையை வாங்கவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்து விலை நன்றாக ஏறிவிட்டது. ஏறின கணக்கை மாப்பிள்ளை காசு சுத்தமாகத் தெரிந்து வைத்திருந்தார். என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். தீபாவளிக்குத் தங்கை பேசுவாள். அவர் "குளிச்சிட்டிருக்கார்" என்பாள். 2014-ல் அம்பத்தூரில் ஒரு பழைய இரண்டு அறை வீட்டை அவருக்காக முடித்தேன். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து விட்டு, சென்னையில் மாடிகளில் ஜனங்கள் நின்ற நாட்களில்கூட அந்த மனையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விலை ஏறின மனை, அவரைப் பொறுத்த வரையில், எனக்காக அவர் இழந்த மனை. நேரில் பார்த்தவனுக்குத் தண்ணீர் தெரிந்தது. தூரத்தில் இருந்தவருக்கு விலைதான் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினாலு வருஷத்து உழைப்பை இன்னொருவன் கண்ணை நம்பி ஒப்படைக்கிறவருக்குச் சந்தேகப்படுகிற உரிமை நிச்சயமாக உண்டு.

லண்டன் டைரக்டர்களுக்கும் அந்த உரிமை இருந்தது; அதை அவர்கள் தாராளமாகவே உபயோகித்தார்கள். கும்பெனி பணமுடையில் இருந்த சமயம். கேளாமல் ஒரு கோட்டையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபம். டேயை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் 1642-ல் திரும்பி வந்தார். கோகன் ஊர் திரும்பிய பிறகு, அநாவசியமாகச் செலவு செய்து கோட்டை கட்டினார் என்று 1645-ல் அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரித்ததில், அது அவர் தனியாகச் செய்த காரியம் அல்ல, மேலே இருந்தவர்களும் சேர்ந்து செய்ததுதான் என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். குற்றம் சாட்டிய அந்தச் சமயத்துக்குள் கோட்டையைச் சுற்றி முந்நூறு நானூறு நெசவாளர் குடும்பங்கள் குடியேறிவிட்டன என்பதும், துணி கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது என்பதும் வேறு விஷயம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கோகன்தான் பாவம். அவர் டேயின் வார்த்தையை நம்பி வந்து இறங்கினார், நாயக்கர் கையை விரித்த பிறகும் திரும்பிப் போகாமல் கட்டினார், கணக்கும் எழுதினார், கணக்கு எழுதினவர் என்பதாலேயே மாட்டிக்கொண்டார். வட்டி தருகிறேன் என்று சொல்லி நழுவிய டேயோ 1643-ல் அதே கோட்டைக்குத் தலைவரானார். அந்தத் தலைவர் பதவிக்கு அப்போது கவர்னர் என்ற பட்டம் கிடையாது. 'ஏஜெண்ட்' என்றே பெயர். சென்னையின் முதல் ஆட்சியாளர்கள் எல்லோரும் ஏஜெண்டுகள். இந்த வேடிக்கையை நம் சரித்திர ஆசிரியர்கள் சிரிக்காமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சொத்து வாங்கினவர்களுக்கு அப்புறமாவது நிம்மதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பத்திரம் கொடுத்த நாயக்கருக்கே நாற்காலி ஆடிற்று. 1642-ல் பெத்த வேங்கட ராயர் காலமானார். புதிய ராயருக்கு வேங்கடாத்ரி நாயக்கர்மேல் நம்பிக்கை இல்லை. ஸ்ரீரங்க ராயரிடம் போய் 1645-ல் புதிதாக ஒரு சாஸனம் வாங்கினார்கள். மை உலர்வதற்குள் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இந்தச் சீமையைப் பிடித்துக்கொண்டார், அவரிடம் மறுபடியும். 1672-ல்தான் பாதிச் சுங்கம் என்ற தகராறு ஒழிந்து, வருஷத்துக்கு 1,200 வராகன் வாடகை என்று முடிவாயிற்று. அப்போதும் பூந்தமல்லி விடவில்லை. அந்தப் பகுதிக்குக் கோல்கொண்டாவின் அதிகாரியாக இருந்த பொதேல லிங்கப்பா, கப்பம் போதாது என்று கோட்டைக்கு வருகிற தானியத்தையும் சரக்கையும் தடுத்து நிறுத்தி, இங்கிலீஷ்காரர்களைத் திணற அடித்தார். பூந்தமல்லிக்காரர் சம்மதம் இல்லாமல் சென்னையில் சுகமாகக் குடித்தனம் நடத்த முடியாது என்பது அந்த நூற்றாண்டு முழுவதும் நிலைமை.

மூலப்பத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வில்லங்கம் பார்க்கிற வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். நாயக்கர் கொடுத்த சாஸனம் தங்கத் தகட்டில் பொறித்திருந்தது என்றும், நூறு வருஷத்துக்கு மேல் கோட்டையில் பத்திரமாக இருந்தது என்றும், 1746-ல் லாபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அது தொலைந்தது என்றும் டால்பாய்ஸ் வீலர் 1861-ல் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள், தகடு திரும்பவில்லை. மிஞ்சியது இங்கிலீஷ் நகல்கள்தாம். நாம் சென்னை தினம் கொண்டாடுவது ஆகஸ்ட் 22-ந் தேதி. நகல்களில் எழுதியிருப்பதோ ஜூலை 22. அதாவது டே துரை மனையைப் பார்க்க வந்து சேருவதற்குச் சில நாள் முந்தியே பத்திரம் முடிந்துவிட்டதாகக் கணக்கு.